ஆயுதப் பட்டியல், இரண்டாம் திருத்தம்

விதிப்புத்தகம் சொல்கிறது:
நெடுவாள். எடை நான்கு கிலோ.
சேதம், எட்டு முகப் பகடை ஒன்று.
எழுதியவர் வாளைத் தூக்கியவர் இல்லை,
அரிசிச் சிப்பம் தூக்கியிருக்கலாம்.

காரைக்குடியில் சிக்கந்தரின் பழஞ்சாமான் கடை.
எனாமல் அடுக்குகளையும்
பாதரசம் உதிர்ந்த பெல்ஜியம் கண்ணாடியையும் தாண்டினால்
ஒரு பீப்பாய்,
அதில் குடைகளோடு குடைகளாய்ப் பதினாறு வாள்.
கொக்கித் தராசு கொண்டுபோயிருந்தேன்,
மீன்கடையில் தொங்குமே, அது.
"வாங்கவா நிறுக்கவா?"
"நிறுக்க."
"வெல கிலோக் கணக்கு இல்லம்மா,
முன்னாலயே சொல்லிட்டேன்."

முதல் வாள், வளைந்தது. தொள்ளாயிரத்து எண்பது கிராம்.
ஒரு பை சர்க்கரைக்குக் கொஞ்சம் குறைவு.
பிடிக்குள் என் சுண்டுவிரலுக்கு இடமில்லை.
யாருடைய கை இது, இவ்வளவு சிறியதாய்?

பகலில் என் வேலை துருவோடு.
ஆய்வகத்தில் உப்புநீரில் இரும்பைத் தொங்கவிட்டு
அது சாகிற வேகத்துக்கு எண் போடுவேன்.
சிவப்புத் துரு போன ஐப்பசி மழை.
கறுப்புத் துரு பழசு, பேசாமல் உட்கார்ந்திருக்கும்.
இந்த அலகில் கறுப்பு.
கூர்ப்பக்கம் பதினோரு வெட்டுவாய்,
ஒன்பது, பிடியருகே நெருக்கமாக.
ஒன்பது முறை யாரோ தடுத்திருக்கிறார்.
புத்தகத்தில் தடுப்புக்குக் கட்டமே இல்லை.
பேனாவால் ஒன்று கிழித்தேன்.

ரங்கூன் பெட்டியோடு வந்தது ஒன்று.
தேக்கு உறை, கைக்காப்பே கிடையாது,
பிடி மட்டும் முழம் நீளம்.
அறுநூற்றுப் பத்து கிராம்.
ஒரு கையா, இரண்டு கையா?
சூசைக்கு போன் போட்டேன். ஒன்று என்றான்.
உமையாள் இரண்டு என்றாள்.
ரெண்டுக்கும் நடுவில் சிக்கந்தர் டீ சொன்னார்.

வீச்சரிவாளில்தான் சண்டை வந்தது.
"அது விவசாயக் கருவி" என்றான் சூசை.
"கருப்பர் கோயில் பக்கம் வந்து சொல்லு" என்றாள் உமையாள்.
அவள் சின்ன மாமா வருசா வருசம்
அதன் கூர்மேல் ஏறி நின்று குறி சொல்பவர்.
"சரி, சேதம் எவ்வளவு?"
"நிக்கிறவருக்குப் பூஜ்யம்.
மத்தவங்களுக்கு ஆறு முகம்."
அப்படியே எழுதிக்கொண்டேன்.

பதினாறாவது:
பித்தளைச் சிங்கத்தலை, பளபளப்பு.
ஒரு வெளியூர்த் தம்பதியிடம்
"சோழர் காலம்" என்றார் சிக்கந்தர்.
என்னிடம் குரலைத் தாழ்த்தி, "போன ஆனி.
ஓட்டல் வரவேற்பறைக்கு ஆர்டர்."
கொக்கியில் மாட்டினேன்.
மூன்று கிலோ தொள்ளாயிரத்து எழுபது.
அடடா,
புத்தகம் எழுதியவர் தூக்கிப் பார்த்திருக்கிறார்,
இதைத்தான்.
என் சட்டைப் பொத்தான் நூலை அறுக்கச் சொன்னேன்.
அறுக்கவில்லை.
வகை, சுவர்வாள். சேதம், இல்லை.
மிரட்டல், கூட்டல் மூன்று.

சனிக்கிழமை இரவு, சூசையின் ஜெராக்ஸ் கடை மாடி.
கரண்ட் போய் செல்போன் வெளிச்சம்.
தசமப் புள்ளி வரைக்கும் சரிபார்த்த பட்டியலை
மேசையில் விரித்தேன்.
உமையாள் விரலை ஓட்டிக் கடைசி வரியில் நிறுத்தினாள்.
"அது வெட்டாதுடி."
"தெரியும்."

பாலத்தில் ஐந்து கொள்ளைக்காரர்கள்.
இரண்டு கையாலும் சிங்கத்தலையைத் தூக்கினாள்.
இருபது முகப் பகடை உருண்டு
முறுக்குத் தட்டில் மோதி நின்றது,
பதினெட்டு. கூட்டல் மூன்று.
ஐந்து பேரும் ஓடிப்போனார்கள்.
என்னால் மறுக்க முடியவில்லை,
விதி என் கையெழுத்தில் இருந்தது.

தொள்ளாயிரத்து எண்பது கிராமை யாரும் எடுக்கவில்லை.
பீப்பாயில்தான் நிற்கிறது, குடைகளுக்கு நடுவே.
அதில் ஒரு குடை நனைந்த குடை,
அன்றைக்கே பார்த்தேன்.
திங்கட்கிழமை
எண்ணெய்த் துணி கொண்டுபோக வேண்டும்.